வெறுந்தகரத்தில் கை வைக்கக் கூடாது

ஏப்ரல் 25

அறிவியல் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா எடுத்துப் பார்த்தாலும் முன்னால் தவளையின் இதயம்தான் தெரியும். கொசுவலைக்குள் சின்ன டார்ச். வாசல் கேட்டின் கொண்டி அசைந்தால் உடனே அணைத்துவிடுகிறேன். இதுவரை அசைத்ததெல்லாம் காற்றுதான்.

இன்று ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. வீட்டுக்கு வந்தால், அம்மா பக்கவாட்டு முடுக்கில் நின்று காரின் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. எங்கள் வெள்ளை அம்பாசிடர் சொறி பிடித்த மாடு மாதிரி நின்றது. கூரையில் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. கதவின் அடி விளிம்பைச் சுண்டினால் காபித்தூள் மாதிரி கொட்டியது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் மிதியடியைத் தூக்கினேன். தரையில் ஓட்டை. அதன் வழியாக மண்ணும் ஒரு எறும்பு வரிசையும் தெரிந்தன. தூத்துக்குடியில், அதுவும் கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்தால், இரும்பு இப்படித்தான் ஆகும்.

"ஏட்டி அக்சி, ஸ்கூல் தொறக்கதுக்குள்ள இத எஃப்சிக்குக் கொண்டு போறோம்" என்றாள் அம்மா.

எஃப்சி என்றால், இந்த வண்டி வாடகைக்கு ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் தரும் சான்று. அது கிடைத்தால் அம்மா இறால் கம்பெனிக்குப் போய் ஐஸ் தண்ணீரில் நிற்க வேண்டாம். எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவாள். நாங்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். யாரையும் என்றால் அப்பாவை.

அப்பா சரக்குத் தோணியில் வேலை பார்த்தவர். தோணிக் கயிறு இறுக்கி வலது கை மோதிர விரல் பாதி போன பிறகு கரைக்கு வந்து இந்தக் காரை ஓட்டினார். அதனால் ஊரெல்லாம் இதை 'யூஜின் கார்' என்றுதான் சொல்லும். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர் பெனடிக்டா. என் அம்மா. அப்பா இப்போது எங்களோடு இல்லை. எங்கே என்று நான் கேட்பதில்லை.

ஏப்ரல் 27

கொம்பையா அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். அம்மா கம்பி பிரஷ், சுரண்டுகிற தகடு, உப்புத்தாள் எல்லாம் கேட்டாள்.

"எந்த டிங்கர் வேல பாக்கான்?" என்றார் அண்ணாச்சி.

"நானும் எம்மவளும்."

"யக்கா, காலங்காத்தால வெளையாடாதீய."

"சாமான எடுத்துப் போடுங்க அண்ணாச்சி. வெளையாட்ட அப்புறம் பாப்போம்."

அவர் உப்புத்தாளைச் சுருட்டிக் கட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. உப்புக் காற்றால் துரு பிடிக்கிறது. அதைத் தேய்த்து எடுக்கிற தாளுக்கும் உப்புத்தாள் என்று பெயர்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கீழே அம்மா, மேலே நான். அம்மாவுக்கு இடது கை தோளுக்கு மேல் போகாது. அதனால் கூரை முழுக்க என்னுடையது.

ஏப்ரல் 29

முடிந்தது! ஸ்டூலில் ஏறி நின்று கூரை முழுவதையும் தேய்த்துவிட்டேன். பெயின்ட் போய், பழைய ப்ரைமர் போய், துரு போய், கடைசியில் தகரம் தெரிந்தது. அதற்கு இப்படி ஒரு நிறம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. புது எவர்சில்வர் மாதிரி பளபளப்பு இல்லை. மழைக்கு முன்னால் கடல் இருக்குமே, அந்த நிறம். நான் அதன் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

பக்கத்து வீட்டுச் சந்தனமாரி அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஏ பெனிட்டா, ஒம்மவ கைய பாரு, பயில்வான் கை மாதிரி ஆயிட்டு!"

அறைக்குள் போய்க் கண்ணாடியில் கையை மடக்கிப் பார்த்தேன். உண்மைதான்.

ஏப்ரல் 30

அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். காலையில் கூரை முழுக்க ஆரஞ்சுப் பொடி. ஒரே ராத்திரியில். நடுவில் மட்டும் கொஞ்சம் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம். அது நான் கன்னம் வைத்த இடம்.

கடைக்குப் போய்ச் சொன்னதும் அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "யக்கா, இந்த ஊர்ல தகரத்த அம்மணமா ராத்திரி வெளிய விடலாமா? அன்னைக்கு உரிச்சதுக்கு அன்னைக்கே சட்ட போட்டு உட்ரணும்லா." பிறகு என்னைப் பார்த்து, "நீ ஒரு கதவு உரிச்சியா, ஒரு கதவுக்கு மருந்து, ஒரு கதவுக்கு ப்ரைமர். மொத்த வண்டியவும் உரிச்சிட்டு நிக்கக் கூடாது. வெறுங்கை வைக்கவே கூடாது, பாத்துக்கோ. வேர்வையும் உப்புதான்" என்றார்.

அம்மா வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "திரும்பத் தேய்ப்போம்."

மே 3

இப்போது எங்களுக்கு ஒரு முறை வந்துவிட்டது. காலையில் வெயில் ஏறியதும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். முதலில் கம்பி பிரஷ். பிறகு உப்புத்தாள், முரட்டுத்தாள் முதலில், நைஸ் அப்புறம். எவ்வளவு தேய்த்தாலும் குழிகளுக்குள் புள்ளி புள்ளியாகத் துரு நிற்கும். அதற்குத் துரு மருந்து. தண்ணீர் மாதிரி இருக்கிறது, பிரஷால் தடவினால் துரு மெதுவாகக் கறுக்கிறது. கறுத்தால் செத்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்ததும் தின்னரில் துணி நனைத்துத் துடைத்து, இரண்டு டப்பாவைக் கலக்கி அடிக்கிற சாம்பல் நிற ப்ரைமர். எல்லாம் பொழுது சாய்வதற்குள். சாயங்காலம் கடல் காற்று திரும்பும்போது ஒரு இணுக்குத் தகரம்கூட வெளியே தெரியக் கூடாது.

இருவரும் நீலக் கையுறை போட்டுக்கொள்கிறோம். அம்மா கம்பெனியில் இறாலுக்குப் போடுகிற மாதிரியானது. ஒரு சட்டமும் போட்டிருக்கிறோம். வெறுந்தகரத்தில் யார் கை வைக்கிறார்களோ அவர் அன்று ராத்திரிப் பாத்திரம் தேய்க்க வேண்டும். நாள் முழுவதும் முடுக்கில் ஒரே சத்தம்.

"கை வைக்காத!"

"நீங்கதாம்மா வச்சீங்க!"

"அது முழங்கைட்டி. முழங்கை கணக்குல வராது."

கூரையை மறுபடி முடித்தேன். சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கிறது. ராத்திரியில் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். கேட் வரை போகவில்லை. கூரையை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மே 4

இன்று பாத்திரம் அம்மா.

மே 8

வெல்டர் வந்து தரை ஓட்டைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்துப் போனார். பற்றவைத்த ஓரத்தில்தான் முதலில் துரு ஏறும் என்று அம்மா எங்கோ கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் பனங்கட்டை வைத்து, அடியில் மல்லாந்து படுத்து நானே தேய்த்தேன். மருந்து, ப்ரைமர், அதற்கு மேல் தார் மாதிரி கறுப்பாக ஒன்று, மூன்று கோட்டு. வெளியே வந்தபோது என்னைப் பார்த்துச் சந்தனமாரி அக்காவின் நாயே குரைத்தது.

"இனிமே மழத்தண்ணியில போனாலும் ஒண்ணும் செய்யாது" என்றாள் அம்மா. யாருக்கோ பதில் சொல்வது மாதிரி சொன்னாள். முடுக்கில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

மே 11

இடது முன் கதவுதான் பாக்கி. அதைக் கடைசி வரை தள்ளிப் போட்டது நாங்கள் இருவரும் பேசிவைத்துக்கொள்ளாமலே செய்த காரியம்.

அந்தக் கதவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது துரு இல்லை. கிறிஸ்துமஸ் ராத்திரி பூசை முடிந்து வந்தபோது விழுந்தது. எப்படி என்று எழுத மாட்டேன். நான் காருக்குள் சீட்டில் இருந்தேன், அம்மா வெளியே கதவை ஒட்டி நின்றாள், அவ்வளவுதான்.

அம்மா கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, மரச்சுத்தியலால் உள்ளேயிருந்து தட்டினாள். வெளியே நான் ஒரு பலகையை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தட்டும் என் உள்ளங்கைக்கு வந்தது. பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அம்மா வேர்த்துக் கொட்டிக்கொண்டு, "வந்துட்டா? இன்னும் வரணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துட்டும்மா" என்று சொன்ன பிறகும் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பெயின்டை உரித்துத் துடைத்து முடித்தபோது திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து கோடை மழை. கரண்டும் போய்விட்டது. ஈரத்தில் ப்ரைமர் அடித்தால் உள்ளேயே துரு குடியிருக்கும். வேறு வழியில்லாமல் தின்னரில் துடைத்து, தார்ப்பாயை இழுத்து மூடினோம். கதவு ஒரு ராத்திரி மட்டும் வெறுந்தகரமாக இருக்கட்டும். ஒரு ராத்திரிதானே.

மே 12

கையெழுத்துக் கோணலாக வருகிறது.

அம்மா இன்று விடியற்கால ஷிப்டு. அவள் போன பிறகு தார்ப்பாயைத் தூக்கினேன். கதவு முழுக்க லேசான மஞ்சள் பூத்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். நடுவில் ஒரு கை இருந்தது.

யாரோ ஆரஞ்சு மையில் தோய்த்து அழுத்தின மாதிரி, உள்ளங்கை, கட்டைவிரல், விரல்கள். முதலில் அம்மா கை என்று நினைத்தேன். என் கையை மேலே நிறுத்தி அளந்தேன். என் கையைவிட ரொம்பப் பெரியது. அம்மாவுடையதைவிடவும். கட்டைவிரலை விட்டால் மூன்று விரல் முழுசாக இருந்தது. ஒன்று பாதியில் நின்றது.

நான் கத்தவில்லை. கையுறை போட்டேன். முரட்டுத்தாளை எடுத்தேன். தேய்த்தேன். மேலே இருந்தது போனது, குழிக்குள் இறங்கினது போகவில்லை. மருந்தைத் தடவினேன். அது மெதுவாகக் கறுத்தது. நடுவில் ஒரு கறுத்த கை. கறுத்தால் செத்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காயும் வரைக்கும் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு துடைத்து ப்ரைமர் அடித்தேன். ஒரு கோட்டு. இன்னொரு கோட்டு. தேவையில்லாமல் இன்னொன்று.

அம்மா வந்து, "தனியாவா அடிச்ச?" என்றாள்.

"ஆமாம்மா."

"நல்லா இருக்கு" என்றாள்.

அவளிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் வேலையை நிறுத்திவிடுவாள்.

மே 13

அம்மா கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறாள். பழைய பூட்டுத் துருப்பிடித்துவிட்டதாம். இன்று முதல் வாசல் கதவை ஒட்டிப் பாய் போட்டுப் படுக்கிறாள். உள்ளே ஒரே புழுக்கமாம்.

மே 17

பள்ளத்தைச் சமமாக்கப் பூசுகிற பட்டி வாங்க நான் மட்டும் கடைக்குப் போனேன். அண்ணாச்சி டப்பாவை எடுத்துக்கொண்டே, "ஒங்க அப்பா வந்திருக்காராம்லா? காயலான் கடையில அந்தக் கார வெல பேசிட்டுப் போயிருக்காரு. நீங்க என்னமோ எஃப்சிங்கிய, அவரு என்னமோ எடைக்குங்காரு" என்றார்.

அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பாக்கிச் சில்லறையை வாங்காமலேயே வந்துவிட்டேன். அம்மாவிடம் டப்பாவை மட்டும் கொடுத்தேன்.

பள்ளம் இருந்த இடத்தில் பட்டி போட்டு, காய வைத்து, தேய்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு கையுறையோடு தடவிப் பார்க்கச் சொன்னாள் அம்மா. எங்கே பள்ளம் இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை!

மே 21

நாய் குரைத்தது. டார்ச்சை அணைத்துவிட்டேன். அம்மாவும் விழித்துத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

மே 25, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

பெயின்டர் மைதீன் அண்ணன் கம்ப்ரஷரோடு வந்தார். வந்ததும் வண்டியைச் சுற்றி வந்து ப்ரைமரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. "யக்கா, அடித்தளம் யாரு போட்டா? நான் பெயின்ட் மட்டும் அடிச்சிட்டுப் பேரு வாங்கிட்டுப் போயிருவேன் போலயே" என்றார். அம்மா என்னைக் காட்டினாள். நான் தரையைப் பார்த்தேன், ஆனால் காது இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

அதே வெள்ளைதான் அடித்தோம். நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். கடைசிக் கோட்டு அடித்து முடித்தபோது வண்டி பால் ஊற்றினது மாதிரி ஆனது. காற்று வரட்டும் என்று கேட்டைத் திறந்து வைத்துவிட்டு மைதீன் அண்ணன் டீ குடிக்கப் போனார். அம்மா பின்பக்கம் கை கழுவப் போனாள். முடுக்கில் நான் மட்டும்.

அப்பா உள்ளே வந்தார்.

மெலிந்திருந்தார். சட்டை நன்றாகத்தான் இருந்தது. சாராய வாசனை தூரத்திலேயே வந்தது. என்னை அவர் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

"யாரக் கேட்டு என் வண்டிக்குப் பெயின்ட் அடிச்சிய?"

அவர் இடது கதவுக்கு நேரே வந்து நின்றார். அதே கதவு. வலது கையைத் தூக்கினார். நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன், பாதி விரலோடு அது மேலே எழுந்ததை. என் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"கை வைக்காதீங்க!"

அது என் குரல். ஒரு மாதமாக முடுக்கில் கத்திக் கத்திப் பழகின குரல். அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை. அப்பாவின் கை அப்படியே நின்றது. கதவுக்கு ஒரு சாண் முன்னால்.

"என்னட்டி சொன்ன?"

"கை வைக்காதீங்க அப்பா. யார் மேலயும்."

'யார் மேலயும்' என்று நான் சொல்ல நினைக்கவே இல்லை. 'ஈரமாக இருக்கிறது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அம்மா பின்பக்கத்திலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கையில் இன்னும் சோப்பு நுரை. "வண்டி எம்பேர்ல கெடக்கு. அண்ணாச்சி சொன்னதும் காயலான் கடைக்காரன்ட்டயும் ஆர்.சி.யக் காட்டிட்டு வந்துட்டேன். நீரு போவும்" என்றாள். அமைதியாகத்தான் சொன்னாள்.

சுவருக்கு மேல் சந்தனமாரி அக்காவின் தலை. "ஏ யூஜினு, புள்ள சொல்லுதுல்லா? எறக்குய்யா கைய!" கேட்டில் மைதீன் அண்ணன் டீ கிளாஸோடு நின்றார். அவருக்குப் பின்னால் எதிர் வீட்டுக்காரர்கள்.

அப்பா கையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டார்.

மைதீன் அண்ணன் குனிந்து, தலையைச் சாய்த்துக் கதவைப் பார்த்தார். "தூசிகூட விழல" என்றார்.

மே 26

சந்தனமாரி அக்காவையும் கூட்டிக்கொண்டு அம்மா மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். கிறிஸ்துமஸிலிருந்து எல்லாவற்றையும். அப்பாவை வரச்சொல்லி, இனி எங்கள் வாசலுக்கு வர மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். அவர் அடுத்த தோணியில் போகிறாராம்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னால கதவப் பாத்தேன். அந்தக் கைய. நீ பாத்தா பயப்படுவன்னு தார்ப்பாய இழுத்து மூடிட்டுத்தான் போனேன். வந்து பாத்தா மூணு கோட்டு ப்ரைமர் அடிச்சு வச்சிருக்க."

"நீங்க நிறுத்திருவீங்கன்னு நெனச்சேம்மா."

"நீ நிறுத்திருவன்னு நான் நெனச்சேன்."

பிறகு இருவரும் சோற்றைச் சாப்பிட்டோம். பாத்திரம் நான்தான் தேய்த்தேன். சட்டப்படி இல்லை, சும்மா.

மே 29

எஃப்சி. காலை முழுக்க வெயிலில் வரிசை. முன்னால் நின்ற லாரி டிரைவர்கள் எல்லோரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இன்ஸ்பெக்டர் விளக்குகளைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "அடிப்பக்கம் சுத்தமா இருக்கேம்மா. எந்த ஒர்க்ஷாப்பு?" என்றார்.

"எங்க வீட்டு முடுக்கு சார்" என்றாள் அம்மா. "டிங்கர் இவதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இடது கதவில் கையை வைத்துத் தட்டினார். ணங் ணங் என்று முழுசாகச் சத்தம் வந்தது. 'கை வைக்காதீங்க' என்று என் வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். வைக்கலாம். காய்ந்துவிட்டது.

சான்றோடு திரும்பி வரும்போது அம்மா கடற்கரைச் சாலை வழியாக ஓட்டினாள், ஜன்னலைத் திறந்து விட்டுக்கொண்டு. உப்புக் காற்று வண்டி முழுக்க அடித்தது. அடிக்கட்டும்.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தது. முன் சீட்டில் நான், பின்னால் ஏழு பிள்ளைகள். ஒரு பொடிப்பயல் ஏறும்போதே, "இது யூஜின் கார்தான?" என்றான்.

"பெனடிக்டா கார்" என்றேன்.

பத்தாம் வகுப்புக்குப் புது நோட்டு வாங்கியாகிவிட்டது, இனி இந்த நோட்டில் தவளை மட்டும் இருக்கட்டும். டார்ச்சிலும் பாட்டரி இறங்கிவிட்டது. இன்று எழுதும்போது கொண்டிச் சத்தத்தைக் கேட்க மறந்தே போய்விட்டேன்.

அம்மா பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே என் பக்கத்தில் வந்து படுத்திருக்கிறாள். புழுக்கம் அப்படியேதான் இருக்கிறது.